இட்லிப்பூச் செடியில் துளிர் வெளுக்கிறதே, என்ன செய்வது?

கேள்வி: சுற்றுச்சுவர் ஓரமாக இட்லிப்பூச் செடிகளை வரிசையாக நட்டிருக்கிறேன். முதல் ஆண்டு கொத்துக் கொத்தாகப் பூத்தன. இப்போது துளிர் இலைகள் மஞ்சளாகின்றன, பூவும் குறைந்துவிட்டது. யூரியா, எலும்புத்தூள் இரண்டும் போட்டுப் பார்த்தேன், பச்சை திரும்பவில்லை. கவாத்து செய்தால் சரியாகுமா ஐயா?

பதில்: கத்தரிக்கோலை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். மஞ்சளான துளிர் இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்புகள் பச்சையாகவும் இடைப்பட்ட பகுதி வெளுத்தும் இருந்தால் அது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் அடியில் உள்ள முதிர்ந்த இலைகள்தான் முதலில் மஞ்சளாகும். இரும்பு அப்படியில்லை, பழைய இலையிலிருந்து துளிருக்கு அது எளிதில் நகராது. அதனால்தான் உங்கள் யூரியாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

மண்ணில் இரும்பே இல்லை என்றும் எண்ண வேண்டாம். இட்லிப்பூ அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி. சுவர் ஓரத்தில் சிமென்ட், சுண்ணாம்புச் சிதறல்கள் புதைந்து கிடந்தால் மண் காரமாகிவிடும். இருக்கும் இரும்பை வேர் எடுக்க முடியாது. முதல் ஆண்டு வேர்கள் நாற்றுப்பையின் மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கும், இப்போது வெளியே வந்து சுண்ணாம்பைத் தொட்டிருக்கும். வேரருகே ஒரு பிடி மண் எடுத்து உலர்த்தி, அதில் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சந்தேகமே வேண்டாம். எலும்புத்தூளை உடனே நிறுத்துங்கள். அதிலுள்ள சுண்ணாம்பும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இரும்பை மேலும் கட்டிப்போடும்.

உடனடித் தீர்வுக்கு, ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, மாலையில் இலைகள் நனையத் தெளியுங்கள். முதலில் ஓரிரு கிளைகளில் தெளித்து, இலை கருகவில்லை என்று உறுதி செய்த பிறகு மற்றவற்றுக்குத் தெளிக்கலாம். மாதம் ஒரு முறை போதும். சுவரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை ஏறினால் போகாது. கார மண்ணில் அன்னபேதியை வேரில் கொட்டுவது வீண். வேருக்குத்தான் கொடுக்க வேண்டுமென்றால் இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை இரும்பு கீலேட் உரத்தைக் கேட்டு வாங்குங்கள், மலிவான இ.டி.டி.ஏ. (EDTA) வகை கார மண்ணில் நிலைத்து நிற்காது.

ஆனால் தெளிப்பு என்பது தவணை வாங்குவதுதான், கடன் அப்படியே இருக்கும். செடிகள் சிறியவையாக இருந்தால் வேர்மண்ணோடு பெயர்த்து, சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி நடுங்கள். என் முதல் பரிந்துரை இதுவே. முடியாவிட்டால் வேரறுபடாமல் சிமென்ட் கட்டிகளைப் பொறுக்கி எடுத்து, மட்கிய தொழுவுரத்துடன் சிறிது கந்தகத் தூள் கலந்து இட்டு, சருகு மூடாக்குப் போடுங்கள். கந்தகம் வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும். உப்புப் படியும் கடின நீர்தான் பாய்கிறது என்றால் இந்தப் பாடெல்லாம் பாதி வீண். முடிந்தவரை மழைநீரைச் சேர்த்து ஊற்றுங்கள்.

கவாத்தைப் பொறுத்தவரை, இந்தச் செடி கிளை நுனியில்தான் பூக்கும். மொட்டு கட்டும் நேரத்தில் நுனியை வெட்டினால் அந்தப் பருவத்துப் பூ போயிற்று. துளிர் பச்சையாக வரத் தொடங்கிய பிறகு, ஒரு சுற்றுப் பூ வாடியதும் கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டுங்கள். சுவர் நிழல் நாள் முழுவதும் விழுகிறதா என்பதையும் பாருங்கள். அப்படியானால் இலை பச்சையானாலும் பூ குறைவாகத்தான் வரும்.