ரிலேவில் சைக்கிள் உங்கள் பங்கா? கேளுங்கள், சொல்கிறேன்

வணக்கம். நான் திருவொற்றியூர்க்காரி. ஒருவர் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு), ஒருவர் சைக்கிள், ஒருவர் ஓட்டம் என்று மூன்று பேர் சேர்ந்து முடிக்கும் ரிலே போட்டிகளில் மூன்று முறை சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். இந்த முறை வடசென்னையிலிருந்தே பல அணிகள் போகின்றன. சைக்கிள் தூரம் 60 கி.மீ. அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

ராயபுரத்திலிருந்து: அக்கா, மூன்றையும் ஒரே ஆள் செய்வதற்கும் ரிலேவில் சைக்கிள் மட்டும் ஓட்டுவதற்கும் பயிற்சியில் என்ன வித்தியாசம்?

நல்ல கேள்வி தம்பி. மூன்றையும் செய்பவர் சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட வேண்டும். அதனால் காலில் கொஞ்சம் மிச்சம் வைப்பார். உங்களுக்கு அந்தக் கவலை கிடையாது. 60-வது கிலோமீட்டரில் காலில் ஒன்றும் மிஞ்சக் கூடாது.

ஆனால் பெரும்பாலானவர்கள் முதல் பத்து நிமிடத்திலேயே கெடுத்துக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரம் நின்று காத்திருந்த பதற்றம், கூட்டத்தின் சத்தம், பக்கத்து அணிக்காரர் முந்திப் போவது எல்லாம் சேர்ந்து கண்மண் தெரியாமல் மிதிக்க வைத்துவிடும். முதல் பத்து நிமிடம், ஒரு சின்ன வாக்கியம் பேச முடிகிற மூச்சில் ஓட்டுங்கள். அப்புறம் ஏற்றுங்கள். கடைசி 15 கிலோமீட்டருக்கு இருப்பதையெல்லாம் கொடுங்கள்.

இன்னொன்று, கைமாற்று. நேரத்தைப் பதிவு செய்யும் சிப் பட்டை கணுக்காலில் இருக்கும். அதை முந்தைய ஆளிடமிருந்து வாங்கிக் கட்டினால்தான் நீங்கள் கிளம்பலாம். என் முதல் போட்டியில் கயாக் தம்பி கரையேறி ஓடி வந்தான். நனைந்த நீளக் கால்சட்டை பட்டையின் மேல் ஒட்டிக்கிடந்தது. விரல் விறைத்துப்போய் அவனால் அதை உரிக்க முடியவில்லை. நான் மண்டியிட்டுத் துணியைச் சுருட்டி மேலே தள்ளி, மணல் அப்பிய ஒட்டுப்பட்டையைப் பிய்த்து, என் காலில் கட்டுவதற்குள் நாற்பது வினாடி போய்விட்டது. சாலையில் நாற்பது வினாடியைப் பிடிக்க எத்தனை கிலோமீட்டர் உயிரைக் கொடுக்க வேண்டும் தெரியுமா? அடுத்த வருடம் அந்தக் கைமாற்றை மட்டும் முப்பது முறை பழகினோம். ஈரக் காலோடு பழகினோம்.

ஹெல்மெட் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளில் கை வைக்க வேண்டும். ஏறும் இடம் என்று தரையில் போட்டிருக்கும் கோடு தாண்டும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இது இப்படிப்பட்ட போட்டிகளின் பொது விதி.

வண்ணாரப்பேட்டையிலிருந்து: என்னிடம் சாதாரண ஹைப்ரிட் சைக்கிள்தான் இருக்கிறது. போதுமா?

போதும். தடித்த டயரை எடுத்துவிட்டு வழவழப்பான 28 அல்லது 32 மி.மீ. டயர் போடுங்கள். ரத்தன் பஜாரில் விசாரியுங்கள்.

காசிமேட்டிலிருந்து: அக்கா, செயின் ஒரே மாதத்தில் துருப்பிடிக்கிறது. கடைக்காரர் மாற்றச் சொல்கிறார்.

நம் பக்கத்துக்கே உரிய நோய் இது. கடல் காற்றில் உப்பு இருக்கிறது, லாரி கிளப்பும் புழுதி இருக்கிறது. எண்ணெய் போட்ட செயினில் இரண்டும் ஒட்டி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பாதிப் பேர் இதன் மேலேயே இன்னும் எண்ணெய் ஊற்றுகிறார்கள். அது அழுக்கை உள்ளே தள்ளும்.

ஓட்டிவிட்டு வந்ததும் ஈரத்துணியால் சைக்கிளைத் துடையுங்கள். வாரம் ஒருமுறை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை டீசலில் நனைத்து ஒவ்வொரு கண்ணியாகத் தேயுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, பனியன் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு உருளையிலும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். பெடலைப் பின்பக்கமாக இருபது சுற்று சுற்றிவிட்டு, வெளியே தெரிகிற எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும். டீசலோ எண்ணெயோ பிரேக் பக்கம் தெறிக்கக் கூடாது.

எண்ணூரிலிருந்து: எதிர்க்காற்றில் வேகம் அப்படியே செத்துவிடுகிறது. என் உடம்பில்தான் குறையா?

உங்கள் குறை இல்லை. காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறும். 30 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிரே 10 கி.மீ. காற்று என்றால் நீங்கள் கிழிப்பது 40 கி.மீ. காற்றை. தடை முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். அங்கே வேகமானியைப் பார்த்து மிதித்தால் அழிந்துபோவீர்கள். மூச்சைப் பாருங்கள். கியரை ஒன்று இறக்கி, முழங்கையை மடக்கிக் குனியுங்கள். மார்கழி, தை மாதங்களில் வாடை அடிக்கும்போது வடக்கே போய்த் தெற்கே திரும்புங்கள். தெம்பு இருக்கும்போதே எதிர்க்காற்று முடிந்துவிடும்.

தண்டையார்பேட்டையிலிருந்து: என்ன சைக்கிள் வாங்கலாம்?

மேலே சொல்லிவிட்டேன். இருப்பதை ஓட்டுங்கள்.

பெரம்பூரிலிருந்து: எண்ணூர் விரைவுச் சாலையில் பயிற்சி செய்வது தற்கொலை. எல்லாரும் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) போங்கள் என்று சொல்லிவிடுங்கள் மேடம்.

(எண்ணூர்க்காரர் குறுக்கே): ஈசிஆர் தொடங்கும் இடத்துக்குப் போகவே எங்களுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் சார். வேலைக்குப் போகிறவன் எப்போது போய் எப்போது வருவது? அங்கே மட்டும் கார்கள் மெதுவாகவா போகின்றன?

(பெரம்பூர்): அங்கே டிரெய்லர் வரிசை கிடையாது. அதைச் சொன்னேன்.

இருவருமே உண்மையைத்தான் சொல்கிறீர்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில் எண்ணூர் சாலையிலோ மணலி சாலையிலோ வேகப் பயிற்சி செய்யாதீர்கள். இதில் பெரம்பூர் சார் பக்கம்தான் நான். ஆனால் நல்ல சாலை தெற்கே மட்டும்தான் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஞாயிறு விடியற்காலை மீஞ்சூர், பொன்னேரி தாண்டிவிட்டால், திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு வரை தட்டையான சாலை, இரு பக்கமும் வயல், ஏரிப் பக்கம் போனால் எதிர்க்காற்று. 60 கிலோமீட்டருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. வார நாட்களில் வீட்டு மாடியில், நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெயினர் தாங்கி மேல் சைக்கிளை மாட்டி முக்கால் மணி நேரம் மிதியுங்கள்.

(எண்ணூர்): பொன்னேரிவரை போகிற சாலையிலும் டிரெய்லர் இருக்கிறதே அக்கா?

இருக்கிறது. அதனால்தான் விடியற்காலை என்றேன். முன்விளக்கும் பின்விளக்கும் இல்லாமல் கிளம்பவே கூடாது. இதை எத்தனை முறை கேட்டாலும் சொல்வேன்: டிரெய்லருக்கு இடது பக்கம் நுழையாதீர்கள். அது இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது, மூலையை அறுத்துக்கொண்டு உள்ளே வரும். நடைபாதைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நீங்கள் மாட்டுவீர்கள். ஓட்டுநருக்கு அந்த இடம் கண்ணாடியில் தெரியாது. வண்டி நின்றிருந்தாலும் பின்னாலேயே நில்லுங்கள்.

(பெரம்பூர்): ஒரு ஞாயிறு பழவேற்காடு வருகிறேன்.

வாருங்கள் சார்.

புளியந்தோப்பிலிருந்து: காற்றுக்கு மறைவாக, முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகலாமா?

போட்டிக்குப் போட்டி மாறும். நியூசிலாந்தில் 1983 முதல் நடக்கும் கோஸ்ட் டு கோஸ்ட் போட்டியில், மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைவரை 243 கி.மீ., கூட்டமாக ஓட்டுவது ஆட்டத்தின் ஒரு பகுதி. ஒலிம்பிக் டிரையத்லானிலும் (நீச்சல், சைக்கிள், ஓட்டம்) ஒட்டிப் போகலாம். அயன்மேன் வகை நீண்ட தூர டிரையத்லான்களில் பொதுவாக 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும், மீறினால் தண்டனை நேரம். உங்கள் விதிப் புத்தகத்தை இன்றே படியுங்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: நாற்பதாயிரத்துக்குள் நல்ல சைக்கிள்?

மூன்றாவது முறை இந்தக் கேள்வி. போட்டிக்கு முன் புது சைக்கிள் வேண்டாம். உடம்பு பழகாது.

வியாசர்பாடியிலிருந்து: கால்பந்து ஆடுகிறேன். இரண்டு மணி நேரம் ஓட்டும்போது என்ன சாப்பிடுவது? முந்தின ராத்திரி அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடலாமா?

அத்தோ வேண்டாம் தம்பி, எண்ணெயும் காரமும் காலையில் வயிற்றைக் கலக்கும். காலையில் இரண்டு மணி நேரம் முன்னால் இட்லி. சாலையில் மணிக்கு ஒரு வாழைப்பழம், அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர், அதில் கொஞ்சம் உப்பும் சர்க்கரையும். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் போட்டியில் வாயில் வைக்காதீர்கள்.

மணலியிலிருந்து: முட்டி வலிக்கிறது அக்கா.

சீட் உயரத்தைப் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்படியும் வலித்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். நான் மருத்துவர் இல்லை.

தண்டையார்பேட்டையிலிருந்து: கயாக் எங்கே கற்றுக்கொள்வது?

அது என் துறை இல்லை.

திருவொற்றியூரிலிருந்து: போட்டி நடுவில் பஞ்சர் ஆனால் யார் சரி செய்வார்கள்?

நீங்கள்தான். அணியில் இருக்கும் மற்ற இரண்டு பேரின் உழைப்பும் அப்போது உங்கள் கையில் இருக்கிறது. சீட்டுக்குக் கீழே ஒரு ட்யூப், இரண்டு டயர் லீவர், கைப் பம்ப். புது ட்யூப் மாட்டும் முன் டயரின் உள்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள், கம்பித்துண்டு இன்னும் அங்கேயே குத்திக்கொண்டிருக்கும். பின்சக்கரம்தான் கஷ்டம். இன்று ராத்திரியே வாசலில் உட்கார்ந்து கழற்றி மாட்டுங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று நாளைக்கு இங்கே எழுதுங்கள்.