மரப்பயிர் கேள்வி பதில்: மலைவேம்புக்கு எத்தனை அடி இடைவெளி?

கேள்வி: எனக்குப் பென்னாகரம் அருகே 2 ஏக்கர் செம்மண் நிலம் இருக்கிறது. மழையை நம்பிய பூமி. கோடையில் ஆழ்துளைக் கிணறு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதில்லை. மலைவேம்பு வளர்த்து பிளைவுட் ஆலைக்குக் கொடுக்க விரும்புகிறேன். கன்று விற்பவர் 5 அடிக்கு 5 அடி நடச் சொல்கிறார். உறவினர் ஒருவர் 15 அடி விடச் சொல்கிறார். எதை ஏற்பது?
வாசகர், பென்னாகரம் வட்டம்

பதில்: 5 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 1,742 கன்றுகளும், 10 அடியில் 435 கன்றுகளும், 15 அடியில் 193 கன்றுகளும் பிடிக்கும். கன்றின் எண்ணிக்கை கூடினால் விளைச்சலும் கூடும் என்று எண்ணுவது இயல்புதான். ஆனால் பிளைவுட் ஆலை உங்களுக்கு விலை தருவது சுற்றளவுக்கு, எண்ணிக்கைக்கு அன்று.

இடைவெளி மிதமாகக் கூடினாலும் குறைந்தாலும் மரத்தின் உயரம் அவ்வளவாக மாறுவதில்லை, பருமன்தான் மாறுகிறது. ஒரே உயரமுள்ள இரண்டு மரங்களில் ஒன்றின் சுற்றளவு 12 அங்குலமும் மற்றதன் சுற்றளவு 24 அங்குலமும் என்றால், இரண்டாவதில் இருக்கும் மரம் முதலாவதைப் போல் இரண்டு மடங்கு அன்று, ஏறத்தாழ நான்கு மடங்கு. 5 அடி நடவில் நான்கு மரங்கள் நிற்கும் இடத்தில் 10 அடி நடவில் ஒன்றுதான் நிற்கும் என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், அந்த ஒரு மரம் இரு மடங்கு சுற்றளவை எட்டும் நாளில் ஏக்கரின் மொத்த எடை இரண்டு நடவிலும் ஒன்றாகிவிடுவது விளங்கும். நெருக்கமான நடவு அந்த எடையைச் சீக்கிரம் சேர்த்துவிடும் என்பது உண்மை. எடை போட்டு வாங்கும் காகித ஆலைக்கு அது பொருந்தும். தோலுரித்துத் தகடு எடுக்கும் பிளைவுட் ஆலைக்கு மெலிந்த தடி பயன்படாது, அல்லது விறகு விலைக்குப் போகும்.

உங்கள் நிலத்தைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமானது தண்ணீர். தர்மபுரி மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 850 மி.மீ. ஓர் ஏக்கரில் விழும் அந்த மழை ஏறத்தாழ 34 லட்சம் லிட்டர். அதை மரங்களுக்குப் பங்கிட்டால் 5 அடி நடவில் மரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2,000 லிட்டரும், 10 அடி நடவில் 7,900 லிட்டரும் வரும். வழிந்தோடுவதும் ஆவியாவதும் போக மிஞ்சுவது இதிலும் குறைவு. கோடையில் கிணறு கைகொடுக்காத நிலத்தில், முதல் ஆண்டு செழிப்பாகத் தெரியும் நெருக்கமான தோப்பு, வேர்கள் ஒன்றோடொன்று பின்னிய பிறகு அப்படியே நின்றுவிடுவது இதனால்தான்.

15 அடியும் உங்களுக்கு வேண்டாம். நிழல் கூடாத தரையில் களை மண்டும். வெளிச்சம் தாராளமாகக் கிடைப்பதால் பக்கக் கிளைகள் தடித்து, அடிமரத்தில் கணு விழும். கணு விழுந்த இடத்தில் தகட்டில் ஓட்டை விழும். நீண்ட காலம் ஊடுபயிர் செய்ய நினைப்பவருக்கே அந்த இடைவெளி உகந்தது.

வரிசைக்கு வரிசை 12 அடியும் வரிசைக்குள் 10 அடியும் விட்டு, ஏக்கருக்கு 363 கன்றுகள் நடுங்கள் என்பது என் பரிந்துரை. 12 அடிச் சந்தில் டிராக்டர் தாராளமாகப் போகும். முதல் இரண்டு ஆண்டுகள் சாமை, கொள்ளு, நிலக்கடலை எடுக்கலாம். வரிசையைக் கிழக்கு மேற்காக அமைத்தால் ஊடுபயிருக்கு வெயில் கிடைக்கும். பக்கக் கிளைகளை விரல் பருமனில் இருக்கும்போதே அடிமரத்தை ஒட்டிக் கவாத்து செய்துவிடுங்கள். ஆனால் மரத்தின் மேல் பாதி இலைகளில் கை வைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கன்று விற்பவர்கள் பெரும்பாலும் வரப்போரத்து மரத்தைக் காட்டித்தான் விளைச்சல் கணக்குச் சொல்கிறார்கள். அந்த மரத்துக்கு ஒரு பக்கம் முழு வெளிச்சம், பக்கத்துக் காட்டின் தண்ணீர், உரம் எல்லாம் சேர்கின்றன. அதன் பருமனை 1,742 ஆல் பெருக்கி வரும் தொகை எந்தத் தோப்பிலும் கிடைக்காது. தோப்பைப் பார்க்கப் போனால் நடு வரிசை மரத்தில் நாடாவைச் சுற்றிப் பாருங்கள்.

கேள்வி: ஏற்கெனவே 6 அடிக்கு 6 அடி நட்டு இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இனி என்ன செய்யலாம்?
வாசகர், ஊத்தங்கரை வட்டம்

பதில்: மூலைவாட்டில் ஒன்று விட்டு ஒன்றாக வெட்டிக் கலைத்துவிடுங்கள், ஏக்கருக்கு 1,210 மரங்களில் 605 நிற்கும், இடைவெளி எட்டரை அடியாகிவிடும். வரிசைக் கணக்கைக் கண்மூடிப் பின்பற்றாமல், வளைந்ததும் நலிந்ததும் முதலில் போகட்டும். எப்போது வெட்டுவது என்பதை மரமே காட்டும்: தலைகள் ஒன்றையொன்று தொட்டு, கீழ்க்கிளைகள் தாமாகவே காய்ந்து, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் சுற்றளவு முன்போல ஏறாமல் நின்றால், அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். மலைவேம்பு வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். அந்தத் துளிரை அவ்வப்போது கிள்ளாவிட்டால், வெட்டிய மரமும் தண்ணீரில் பங்கு கேட்கும்.

கேள்வி: சவுக்கை மட்டும் ஏன் 4, 5 அடியில் நடுகிறார்கள்?
வாசகர், சூளகிரி

பதில்: சவுக்கின் தலை குறுகலானது, வாங்குபவர் கேட்பதும் மெலிந்த நேரான கழிதான். நெருக்கம் அந்த நேர்த்தியைத் தருகிறது. வேர் முடிச்சிலுள்ள பிராங்கியா நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனைச் சேர்த்துக் கொடுப்பதால் நெருக்கத்திலும் தழைச்சத்துக்கு அது அதிகம் திணறுவதில்லை. ஆனால் தண்ணீரை எந்த நுண்ணுயிரும் கொண்டுவந்து தராது. ஆகவே உறுதியான பாசனம் இல்லாத நிலத்தில் சவுக்குக்கும் 6 அடிக்குக் குறையாமல் விடுங்கள்.