சோர்க்கியில ஃப்ரேம் மேல ஃப்ரேம் ஏறுதா?

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல சோர்க்கி-4ங்கற பழைய சோவியத் ஃபிலிம் கேமரா வாங்கினேன். டெவலப் பண்ணி பார்த்தா சில படம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கு. ஃபிலிமை நகர்த்த (வைண்ட் பண்ண) திருகுற நாப் மாடல்னாலதான் இப்படியா? லீவர் இருக்கறத வாங்கிடவா சார்?

பதில்: அவசரப்படாதீங்க, நாப் மேல பழி போடாதீங்க. ஒரு ஃப்ரேமுக்கு ஃபிலிம் ஓரத்துல இருக்கற ஓட்டைல 8 ஓட்டை நகரணும், அதாவது 38 மில்லிமீட்டர், அதை அளந்து விடறது உள்ள இருக்கற பல்லு வெச்ச உருளைதான், சுத்திக்கற ஸ்பூல் வெறுமனே இழுத்து வாங்கிக்கும், அவ்வளவுதான். ஷட்டர் பட்டனைச் சுத்தி ஒரு வளையம் இருக்குல்ல, ரீவைண்டுக்கு, அதாவது ஃபிலிமை திரும்ப டப்பாவுக்குள்ள சுத்த, திருப்புவோமே, அது முழுசா பழைய இடத்துக்கு வரலேன்னா உருளை பிடிமானம் இல்லாம சுத்தும். முதல்ல அதப் பாருங்க. அப்புறம் ஒரு வேஸ்ட் ஃபிலிமை மாட்டி, பின்மூடியத் திறந்து வெச்சுட்டே வைண்ட் பண்ணுங்க, ரெண்டு பக்க ஓட்டையிலயும் பல்லு உக்காருதான்னு கண்ணாலயே தெரிஞ்சிடும். மூடினப்புறம் வைண்ட் பண்றப்போ ரீவைண்ட் நாபும் கூடவே சுத்தணும், சுத்தலேன்னா ஃபிலிம் நகரவே இல்ல.

லீவர்தான் வேணும்னா சோர்க்கி-4கே, இன்னொரு சோவியத் கேமராவான ஃபெட்-3 ரெண்டுலயும் உண்டு, வைண்டிங் வேகமா இருக்கும், ஆனா உள்ள வேலை அதேதான். நான் காசை சர்வீசுக்குத்தான் போடுவேன்.

இன்னொண்ணு, ஷட்டர் ஸ்பீடை வைண்ட் பண்ணினப்புறம் மட்டும் மாத்துங்க, முன்னாடியே திருப்பினா மெக்கானிசம் கெட்டுடும்.