டெக்ஸ்-மெக்ஸ் கடையில் சாப்பிடுவது எப்படி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் சைவம். வீட்டருகே ஒரு குடும்பம் நடத்தும் டெக்ஸ்-மெக்ஸ் (டெக்சாஸ் பாணி மெக்சிகன் உணவு) கடையில் "நோ மீட்" என்று சொல்லி பீன்ஸும் சோறும் வாங்கினோம். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருந்தது பிறகுதான் தெரிந்தது. எப்படித்தான் கேட்பது?
– வாசகி, ஹூஸ்டன்

பதில்: "நோ மீட்" போதாது. கறித்துண்டு கண்ணில் படாத எதுவும் பரிமாறுபவரின் கணக்கில் கறியில்லாத உணவுதான். "லார்ட் (பன்றிக் கொழுப்பு) இருக்கிறதா? சிக்கன் ப்ராத் (கோழிச் சாறு) இருக்கிறதா?" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். சமையலறையில் ஸ்பானிஷ் பேசுபவர்கள் இருந்தால் "மான்டேகா" என்றால் பன்றிக் கொழுப்பு என்று சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

மசித்து வரும் ரெஃப்ரைடு பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதுதான் பழைய முறை. கிண்ணத்தில் குழம்பாக வரும் சார்ரோ பீன்ஸில் பெரும்பாலும் பேக்கன் (பன்றிக்கறி) கிடக்கும். அதைக் கேட்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள். சிவப்புச் சோற்றைப் பல கடைகளில் கோழிச் சாற்றில்தான் வேகவைக்கிறார்கள். கோதுமை டார்ட்டியாவில் (மெல்லிய ரொட்டி) பன்றிக் கொழுப்போ தாவரக் கொழுப்போ, இரண்டில் எதுவும் இருக்கலாம். சோள டார்ட்டியா மாவில் கொழுப்பு சேராது, அதனால் உங்களுக்கு அதுதான் நல்லது. சீஸ் என்சிலாடாவில் (சுருட்டிய டார்ட்டியா) உள்ளே சீஸ் மட்டும்தான் என்றாலும், மேலே ஊற்றும் சில்லி கிரேவியில் பெரும்பாலும் கறியோ கறிச்சாறோ இருக்கும். அதற்குப் பதில் தக்காளியில் செய்த ரன்ச்செரோ சாஸ் கேளுங்கள். அதிலும் கோழிச் சாறு இல்லையே என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சில்லி ரெயெனோ என்கிற பொப்லானோ மிளகாயைச் சீஸ் வைத்து, முட்டை அடித்த மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். முட்டை சேர்க்காதவர்கள் கவனிக்கவும்.

இவற்றைக் கூட்டமில்லாத நேரத்தில் கேட்பதுதான் முறை. மதியம் இரண்டரை மணிக்குக் கேட்டால் சமையலறைக்குள் போய் விசாரித்து வருவார்கள். வெள்ளி இரவு எட்டு மணிக்குக் கேட்டால் ஊகித்துத்தான் சொல்வார்கள். குடும்பம் நடத்தும் கடையில் ஒரு வசதி உண்டு: சமைப்பவர் உள்ளேயே இருக்கிறார், பதில் அவருக்குத் தெரியும்.

கேள்வி: புதிதாக ஒரு கடைக்குப் போனால், நல்ல கடையா என்று எதை வாங்கிப் பார்ப்பது?
– வாசகர், சான் அன்டோனியோ

பதில்: சீஸ் என்சிலாடா. ஒளித்துவைக்க அதில் இடமே இல்லை.

சோள டார்ட்டியாவைச் சூடான எண்ணெயில் ஒரு பக்கத்துக்குச் சில நொடிகள் மட்டும் காட்டி எடுத்து, சீஸும் வெங்காயமும் வைத்துச் சுருட்ட வேண்டும். எண்ணெய் காட்டாவிட்டால் சுருட்டும்போதே விரிசல் விடும், கிரேவி பட்டதும் கூழாகிவிடும். எண்ணெய் காயாமல் இருந்தால் டார்ட்டியா அதைக் குடித்துவிட்டுப் பிசுபிசுக்கும். அதிக நேரம் கிடந்தால் மொறுமொறுத்து உடையும். முள்கரண்டியால் வெட்டும்போது டார்ட்டியா தனி அடுக்காகத் தெரிந்து, ஆனால் எதிர்க்காமல் அறுபட்டால் கைதேர்ந்த சமையல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிரேவி. கால் கப் கொழுப்பில் கால் கப் மைதாவைச் சிவக்க வறுத்து, மிளகாய்ப்பொடி, சீரகம், பூண்டு, ஒரிகானோ சேர்த்து, 2 கப் சாறு ஊற்றிக் காய்ச்சுவது இதன் அடிப்படை. சீரக வாசனைதான் முதலில் எழ வேண்டும். பச்சை மாவு வாடை வந்தால் வறுவல் போதவில்லை. ஓரத்தில் கசந்தால் மிளகாய்ப்பொடி கருகிவிட்டது. தட்டு அடுப்பிலிருந்து நேராக வருவதால் கை வைத்துவிடாதீர்கள்.

கோதுமை டார்ட்டியாவையும் பாருங்கள். வட்டம் கொஞ்சம் கோணலாக, பழுப்புக் கொப்புளங்களோடு, துணியில் சுற்றிச் சூடாக வந்தால் அங்கேயே போட்டது என்று அநேகமாக நம்பலாம்.

கேள்வி: ஃபஹீட்டா (சுட்டு நறுக்கிய கறி) சுர்ரென்று புகையோடு வருகிறது, ஆனால் கறி ரப்பர் போல இருக்கிறது. ஏன்?
– வாசகர், டல்லாஸ்

பதில்: அந்தச் சத்தம் வெறும் வேடிக்கை. காய்ந்த இரும்புத் தட்டில் வெங்காயத்தைப் பரப்பி, கடைசி நொடியில் கொஞ்சம் நீரோ எலுமிச்சைச் சாறோ தெளித்தால் எந்தக் கறியும் சுர்ரென்னும்.

ரப்பராவதற்கு முக்கியக் காரணம் வெட்டு. ஃபஹீட்டாவுக்கு உரிய மாட்டுக்கறி ஸ்கர்ட் ஸ்டேக், அதாவது உதரவிதானத் தசை. அதில் நார் ஒரே போக்கில் தடித்து ஓடும். நாருக்குக் குறுக்கே மெல்லிதாக நறுக்க வேண்டும். நார் போகும் போக்கில் நறுக்கினால் மென்று மாளாது. ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். கோடுகள் துண்டின் நீளத்துக்கு ஓடினால் தப்பு அங்கேதான். ஸ்கர்ட் விலை ஏறியதால் வேறு தசையை வைப்பவர்களும் உண்டு. "இது ஸ்கர்ட்தானா?" என்று ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்கலாம், தவறில்லை.

இன்னொன்று, அந்தத் தட்டில் கறி வெந்துகொண்டே இருக்கும். பேசிக்கொண்டிருக்காமல் உடனே கறியை ஓரத்து வெங்காயத்தின் மேல் ஏற்றிவிடுங்கள். ஒருவருக்கு அரை பவுண்டு, இருவருக்கு ஒரு பவுண்டு தாராளம்.

கேள்வி: சல்சாவில் (தக்காளி-மிளகாய்ச் சட்னி) காரமே இல்லையே?
– வாசகி, ஆஸ்டின்

பதில்: மேஜைக்கு முதலில் வருவது எல்லோருக்குமான சல்சா. "வேறு காரமான சல்சா இருக்கிறதா?" என்று கேளுங்கள். பல கடைகள் உள்ளே தனியாக வைத்திருக்கும். "டோரியாடோஸ்" என்றால் முழு ஹலபேனோ மிளகாயை வாட்டிக் கொடுப்பார்கள். அதுதான் சரியான துணை.

கேள்வி: டிப்ஸ் எவ்வளவு? வரியோடு சேர்த்தா?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: வரிக்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 சதவீதம். ஹூஸ்டனில் விற்பனை வரி 8.25 சதவீதம். 40 டாலருக்குச் சாப்பிட்டால் வரி 3.30, 20 சதவீத டிப்ஸ் 8, மொத்தம் 51.30 டாலர். டெக்சாஸில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், எனவே இதைக் குறைக்காதீர்கள். பெரிய கூட்டமாகப் போனால் பில்லில் "கிராச்சுவிட்டி" என்ற பெயரில் டிப்ஸ் ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம். கையெழுத்துப் போடும் முன் அது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.