பேட்டியோவில் நாய்: டெக்சஸுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். ஆபீஸ் நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று குடும்பத்தோடு ஒரு ரெஸ்டாரன்டுக்குப் போய், வெளியே பேட்டியோ என்கிற திறந்தவெளிச் சாப்பாட்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்து மேசைக்காரரின் நாய் உங்கள் மேசைக்கு அடியில் வந்து மோப்பம் பிடிக்க, ஆறு வயதுப் பையன் அலறிக்கொண்டு நாற்காலிமேல் ஏறிவிட்டான். நாய்க்காரர் "ஒண்ணும் பண்ணாது" என்று சிரித்தார். நண்பர்கள் முன்னால் என்ன சொல்வதென்று தெரியாமல் நீங்களும் சிரித்துவிட்டு வந்துவிட்டீர்கள். சாப்பிடுகிற இடத்தில் நாயை விடலாமா, இதற்குச் சட்டம் ஏதும் உண்டா, நாம் வாய் திறந்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா, உள்ளேயும் ஒரு நாய் படுத்திருந்ததே அது எப்படி என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்டியோவில் நாயை விடலாம். விடுவதா வேண்டாமா என்பதைக் கடைக்காரர் தீர்மானிக்கட்டும். ஆனால் விட்ட பிறகு நாய் தரையில்தான் இருக்க வேண்டும், தன் மேசையை விட்டு நகரக் கூடாது, பக்கத்து மேசைக்காரர் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் தள்ளி வைக்க வேண்டும். இதில் எது தவறினாலும் நியாயம் உங்கள் பக்கம். அன்றைக்கும் உங்கள் பக்கம்தான் இருந்தது.

சட்டம் உண்டு. டெக்சஸில் முன்பெல்லாம் ஊருக்கு ஊர் விதி மாறும். சில ஊர்களில் கடைக்காரர் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2019 செப்டம்பர் 1 முதல் மாநிலம் முழுக்க ஒரே விதி. நாய் அனுமதி உண்டு என்று கண்ணில் படும்படி போர்டு வைக்க வேண்டும். நாய் தெருப் பக்கத்திலிருந்தே பேட்டியோவுக்கு வர வேண்டும், கடைக்குள் நுழையக் கூடாது. லீஷ் என்கிற கைக்கயிறு போட்டு, உரிமையாளரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். நாற்காலி, மேசை, கவுண்டர் எதன்மேலும் ஏறக் கூடாது. பேட்டியோவில் சமையல் நடக்கக் கூடாது. வாடிக்கையாளருக்குப் பரிமாறியதைத் தவிர வேறு உணவு அங்கே திறந்து கிடக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி. இதைவிடக் கடுமையாக எந்த நகராட்சியும் விதி போட முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நெருக்கமான நகரத்து நடைபாதைக் கடைக்கும், ஏக்கர் கணக்கில் புல்வெளி இருக்கிற கடைக்கும் ஒரே விதி எப்படிப் பொருந்தும்? மேசைக்கு மேசை எவ்வளவு இடைவெளி என்று சட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை. அந்த இடைவெளியை நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

நாளைக்கே வேலை மாறி வேறு மாநிலம் போகலாம் என்பதால் இதையும் சொல்கிறேன். ஃப்ளோரிடாதான் இதில் முன்னால் போனது. 2006-ல் வந்த அந்தச் சட்டம் முடிவை உள்ளூர் நிர்வாகத்திடம் விட்டது. மேசைதோறும் கை சுத்தம் செய்யும் திரவம் வைக்க வேண்டும், நாய் அசுத்தம் செய்தால் உடனே துடைப்பதற்கான பொருள்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2015 ஜனவரி முதல் அனுமதி. அங்கே நாய்க்குத் தண்ணீரோ தீனியோ கொடுப்பதென்றால் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பாத்திரத்தில்தான் கொடுக்கலாம். மனிதர்கள் சாப்பிடுகிற தட்டு நாய்ப் பக்கம் போகவே கூடாது. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. நியூயார்க்கிலும் 2015-ல் சட்டம் வந்தது. மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றுவதற்காக எஃப்.டி.ஏ. என்கிற மத்திய உணவு, மருந்து நிர்வாகம் முன்மாதிரி உணவு விதித்தொகுப்பு ஒன்றை வெளியிடுகிறது. அதன் 2022 பதிப்பும், உள்ளூர் அதிகாரிகள் ஒப்புக்கொண்டால் வெளிப்புறச் சாப்பாட்டு இடத்தில் வளர்ப்பு நாயை விடலாம் என்கிறது. ஆக, நாடே மெதுவாக இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது.

சுத்தம் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். நாலடி தள்ளித் தரையில் படுத்திருக்கிற நாயால் உங்கள் தட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து கை வழியாகத்தான் வரும். நாயைத் தடவிய கையால் குழந்தை சாப்பிடுவது, நாய் நக்கிய கையோடு சர்வர் பிரெட் கூடையைத் தூக்கி வருவது, இவைதான் கவனிக்க வேண்டியவை. கேம்பிலோபேக்டர் என்றொரு கிருமி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவருவது, ஆரோக்கியமாகத் தெரிகிற நாய்க்குட்டியிடமும் இருக்கும். கடைகளில் விற்ற நாய்க்குட்டிகளிடமிருந்து அது மனிதர்களுக்குப் பரவியதை சி.டி.சி. என்கிற மத்திய நோய்த் தடுப்பு மையம் கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. அதனால்தான் உணவைக் கையாளுகிற ஊழியர் விலங்குகளைத் தொடக் கூடாது என்று எஃப்.டி.ஏ.வின் தொகுப்பிலேயே இருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது? நாயைப் பார்த்ததும் சர்வர் குனிந்து காதைச் சொறிந்துவிடுகிறார். அன்பு காரணம்தான், டிப்ஸும் காரணமாக இருக்கலாம். அதே கையோடு உங்கள் மேசைக்கு வந்தால், "ப்ளீஸ், கை கழுவிவிட்டு வர முடியுமா?" என்று கேளுங்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஒருவரும் முகம் சுளித்ததில்லை. சொன்ன உடனேயே சட்டென்று நினைவு வந்து உள்ளே போய்விடுகிறார்கள்.

ரேபிஸ் பயம் நம் எல்லோர் மனதிலும் ஆழமாக இருக்கிறது. தெருநாய் துரத்தி வளர்ந்தவர்கள் நாம். இங்கே அந்த விஷயத்தில் கொஞ்சம் நிம்மதியாக மூச்சுவிடலாம். நாய்க்கு நாய் பரவுகிற ரேபிஸ் வகை அமெரிக்காவில் இல்லை என்று 2007-ல் சி.டி.சி. அறிவித்தது. இதில் டெக்சஸின் பங்கு பெரிது. தெற்கு டெக்சஸில் அந்த வகை கயோட்டி என்கிற, ஓநாய்க்கு உறவான காட்டு விலங்கிடம் பரவிக்கொண்டிருந்தபோது, 1995 முதல் தடுப்புமருந்து வைத்த இரையை விமானத்திலிருந்து காடுமேடெல்லாம் போட்டே அதை ஒழித்தார்கள். வௌவால், ஸ்கங்க், ரக்கூன், நரி ஆகியவற்றிடம் ரேபிஸ் இன்னும் இருக்கிறது. அதனால் வளர்ப்பு நாய்க்கு ஊசி போடுவது டெக்சஸில் கட்டாயம். லைசென்ஸ் வில்லையும் ஊசி வில்லையும் பெரும்பாலும் கழுத்துப் பட்டையில் தொங்கும்.

என்னைக் கேட்டால், பேட்டியோவில் நடக்கிற தொல்லையில் முக்கால்வாசிக்குக் காரணம் லீஷ்தான். இழுத்தால் நீண்டுகொண்டே போய், பொத்தானை அழுத்தினால் நிற்கிற லீஷ் ஒன்று உண்டு. பூங்காவில் நடக்க அது சரி. மேசைகளுக்கு நடுவே அது பெரிய இடைஞ்சல். ஒரு முறை பார்த்தேன். மெல்லிய கயிறு, கருப்பு நிறம், சாயங்கால வெளிச்சம். உரிமையாளர் பேச்சு சுவாரஸ்யத்தில் கைப்பிடியை நாற்காலிக் கையில் மாட்டிவிட்டார். நாய் எழுந்து இரண்டு மேசை சுற்றி வந்தது. நாலு தட்டோடு வந்த சர்வர் பெண்ணின் முழங்காலுக்குக் கீழே கயிறு சுற்றிக்கொண்டது. அந்தப் பெண் விழவில்லை, தட்டுகள் விழுந்தன. சத்தத்தில் மிரண்ட நாய் நாற்காலியையும் இழுத்துக்கொண்டு ஓடியது. நாய் பொல்லாதது என்று யாரும் சொல்ல முடியாது. கயிறு நீளம், அவ்வளவுதான். கெட்டியான குட்டை லீஷ் போட்டு, உரிமையாளர் காலுக்கும் சுவருக்கும் நடுவே படுக்க வைத்தால் நாயும் தூங்கிவிடும், நாமும் நிம்மதியாகச் சாப்பிடலாம். உங்கள் மேசைக்கு அடியில் நாய் வந்ததென்றால், லீஷ் கையில் இருந்தாலும் நாய் கட்டுப்பாட்டில் இல்லை என்றுதான் அர்த்தம்.

அப்படியானால் சொல்ல வேண்டியதுதானே? சொல்ல வேண்டும். நம்மவர்கள் இரண்டில் ஒன்று செய்கிறார்கள்: வாயை மூடிக்கொண்டு சகித்துவிட்டு வீட்டுக்கு வந்து புலம்புகிறார்கள், இல்லையென்றால் பொறுத்துப் பொறுத்து ஒரு நாள் கத்திவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். முதல் நிமிடத்திலேயே, சிரித்த முகத்தோடு, நேராகச் சொல்லுங்கள்: "என் பையனுக்கு நாய் என்றால் பயம். உங்கள் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறீர்களா?" நாயைக் குறை சொல்லாதீர்கள், பயத்தை மட்டும் சொல்லுங்கள். இங்கே நாயை வீட்டுப் பிள்ளையாக வளர்க்கிறவர்கள் அதிகம். அதைப் பழித்தால் மனசு நோகும், உதவி கேட்டால் ஓடிவந்து செய்வார்கள். "ஒண்ணும் பண்ணாது, ரொம்ப சாது" என்று பதில் வந்தால், "சாதுதான், தெரிகிறது. ஆனாலும் பையன் சாப்பிட மாட்டான்" என்று இன்னொரு முறை சொல்லுங்கள். அதற்கும் அசையாதவர் என்றால் அவரோடு வாதம் வேண்டாம், மேனேஜரைக் கூப்பிடுங்கள். மேசை மாற்றிக் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. வந்து கொஞ்ச நாள்தானே ஆகிறது, நமக்கு என்ன உரிமை என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் நீங்களும் ஒரு வாடிக்கையாளர்தான். பயம் என்றில்லை, மார்க்கக் காரணத்துக்காக நாயின் எச்சில் படக் கூடாது என்று இருக்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

உள்ளே படுத்திருந்த நாய் வேறு கதை. அது பெரும்பாலும் சர்வீஸ் நாயாக இருக்கும். பார்வையில்லாதவருக்கு வழிகாட்டுவது, வலிப்பு வருகிறவருக்குக் காவலாக நிற்பது, சர்க்கரை இறங்குவதை மோந்து எச்சரிப்பது என்று தனிப் பயிற்சி பெற்ற நாய். ஏ.டி.ஏ. என்கிற 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, வாடிக்கையாளர் போகிற இடமெல்லாம் அதுவும் வரலாம். கடைக்காரர் கேட்கக்கூடியது இரண்டே கேள்வி: உடற்குறை காரணமாகத் தேவைப்படுகிற சர்வீஸ் நாயா, என்ன வேலை செய்யப் பழகியிருக்கிறது? சான்றிதழ் கேட்கக் கூடாது, என்ன குறை என்றும் விசாரிக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்குப் பயம், அலர்ஜி என்பதும் வெளியேற்றக் காரணம் ஆகாது. கட்டுக்கடங்காமல் போனாலோ அசுத்தம் செய்தாலோ மட்டும் வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். மன ஆறுதலுக்காகக் கூட்டிவருகிற நாய்க்கு இந்தச் சலுகை கிடையாது. ஆகவே அந்த நாயை நீங்கள் தள்ளி வைக்கச் சொல்ல வேண்டாம், நீங்களே மேசை மாறிக்கொள்ளுங்கள். பையனுக்கும் சொல்லிக் கொடுங்கள்: அது வேலையில் இருக்கிறது, கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது. பொய்யாகச் சர்வீஸ் நாய் என்று சொல்லிக் கூட்டிவருகிறவர்களும் இருக்கிறார்கள். டெக்சஸில் அதற்கான அபராதத்தை 2023-ல் ஆயிரம் டாலர் வரை உயர்த்தியிருக்கிறார்கள், 30 மணி நேரம் சமூகசேவையும் உண்டு. எனக்கு அது ரொம்பச் சரி என்றே படுகிறது. அந்தப் பொய்யால் அடிபடுவது உண்மையிலேயே நாய் இல்லாமல் நடமாட முடியாதவர்தான்.

பையன் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். என் மகளும் இப்படித்தான் இருந்தாள். "தொட்டுப் பார், ஒண்ணுமில்லை" என்று நாய் முன்னால் தள்ளிவிடுகிற பெரியவர்களால்தான் அவளுக்குப் பயம் கூடியது. ஓடக் கூடாது, கத்தக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நின்று தன் காலைப் பார்க்க வேண்டும் என்பதை வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்கினோம். அசையாமல் நிற்கிறவரை நாய் சீக்கிரம் விட்டுவிடும். நாயின் முகத்தைப் படிக்கவும் சொல்லிக் கொடுங்கள். அடிக்கடி உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண் வெள்ளை தெரியப் பார்ப்பது, உடம்பு விறைத்து அப்படியே நிற்பது, இதெல்லாம் 'என்னை விட்டுவிடு' என்று நாய் சொல்வது. வாலாட்டுகிற நாயெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. தின்றுகொண்டிருக்கிற நாயிடம் கை நீட்டவே கூடாது. தன் தட்டிலிருந்து எதையும் போடவும் கூடாது: வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றுமே நாய்க்கு விஷம்.

தப்பித்தவறிக் கடித்துவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். உரிமையாளரின் பெயர், போன் நம்பர், ஊசி போட்ட விவரம் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். அனிமல் கன்ட்ரோல் என்கிற, ஊரின் விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தெரிவித்தால் நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைப்பார்கள். பாவம் நல்ல மனிதர், போகட்டும் என்று விட்டுவிட்டால் பிறகு ரேபிஸ் ஊசி வேண்டுமா வேண்டாமா என்று டாக்டராலும் முடிவெடுக்க முடியாமல் போகும். நஷ்டஈடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் முதல் கடியாக இருந்தாலும் உரிமையாளர் பொறுப்பு. டெக்சஸில், அந்த நாயின் குணம் அவருக்கு முன்பே தெரியுமா, அவர் கவனக்குறைவாக இருந்தாரா என்று பார்ப்பார்கள்.

ஒன்று மட்டும் நாய் பக்கத்திலிருந்தும் சொல்ல வேண்டும். டெக்சஸ் கோடையில் கான்கிரீட் தரை கொதிக்கும். மத்தியான வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துக்கொண்டு, பாதம் மாற்றி மாற்றி வைக்கிற நாயைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அந்த நேரத்தில் அதைக் கூட்டிவருவது நாய்க்கே கொடுமை. வெயில் தாழ்ந்த பிறகு, நிழலில், ஒரு கிண்ணம் தண்ணீரோடு என்றால் நல்லது.

அடுத்த முறை நண்பர்கள் கூப்பிடும்போது தயங்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பையனுக்கு நாய் பயம் என்று. கடைக்குப் போன் போட்டு பேட்டியோவில் நாய் அனுமதி உண்டா, உள்ளே மேசை கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். வெளியேதான் என்றால் வாசலுக்கும் தண்ணீர்க் கிண்ணத்துக்கும் தள்ளி, மூலை மேசையாகக் கேளுங்கள். பையனைச் சுவரை ஒட்டி, எல்லாப் பக்கமும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உட்கார வையுங்கள். அவன் பக்கத்து நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.