கல்கரியா, ரொறன்ரோவா? உவர்மலைத் தம்பிக்கு ஒரு பதில்

திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதிய தம்பிக்கு,

கனடாவில் நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்துவிட்டதென்றும், மனைவியோடு எந்த நகரத்தில் வந்து இறங்குவதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கல்கரியில் இருக்கும் நண்பர் ரொறன்ரோ கெட்டுப்போய்விட்டது என்கிறார். மொன்றியல் சித்தப்பா இரண்டுமே வேண்டாம் என்கிறார். ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில் இருக்கும் மச்சாளோ, ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் மட்டும் வீடு எடுக்காதீர்கள் என்கிறார். யாருடைய சொல்லை நம்புவது என்று கேட்கிறீர்கள். குளிர் உடுப்பு, வங்கிக் கணக்கு, சாமான்களின் நிறை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றை வந்து பார்த்துக்கொள்ளலாம். தடித்த கோட்டைக் கொழும்பில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். நகரங்களைப் பற்றிய பேச்சுக்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். இதே பேச்சுகளைச் சுமந்துகொண்டு வந்து இறங்கியவன் நான்.

அந்த மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு நகரத்தைப் பற்றி ஒருவர் சொல்வதில் பாதி, அவர் வாழும் மாகாணத்தின் பழைய மனத்தாங்கல். 1980 இல் பிரதமர் பியர் ட்ரூடோவின் மத்திய அரசு தேசிய எரிசக்தித் திட்டத்தைக் கொண்டுவந்து, உள்நாட்டு எண்ணெய் விலையை உலக விலைக்குக் கீழே வைத்தது. கல்கரி இருக்கும், எண்ணெய் விளையும் அல்பேர்ட்டா மாகாண மக்கள் அதை, ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோவின் தொழிற்சாலைகள் வாழத் தங்கள் வயிற்றில் அடித்த செயலாகவே கண்டார்கள். கிழக்கில் இருப்பவர்கள் இருளில் விறைத்துப் போகட்டும் என்று வாகனங்களில் ஒட்டிக்கொண்டு திரிந்த காலமும் இருந்தது. அந்தக் கோபம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கியிருக்கிறது. அங்கே குடியேறும் எம்மவரும் சில வருடங்களிலேயே அதைத் தமதாக்கிக்கொண்டு, தாம் ஒருபோதும் வாழாத ரொறன்ரோவைத் திட்டுகிறார்கள். நண்பர் சொல்வதில் உண்மையும் உண்டு. அல்பேர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது, மத்திய வரி 5 சதவீதம் மட்டுமே. ஒன்ராறியோவில் இரண்டும் சேர்ந்து 13 சதவீதம். 2022 இல் அல்பேர்ட்டா அரசே ரொறன்ரோவின் சுரங்க ரயில் நிலையங்களில் விளம்பரம் வைத்து ஆட்களை அழைத்தது. போனவர்கள் பெருகப் பெருகக் கல்கரியில் வாடகையும் ஏறியது என்பதை அந்த விளம்பரம் சொல்லாது. 2014 இல் எண்ணெய் விலை சரியத் தொடங்கியபோது அங்கே எத்தனை குடும்பங்கள் ஒரே வருடத்தில் வேலையை இழந்தன என்பதையும் நண்பரிடம் கேளுங்கள்.

நான் வந்த முதற் குளிர்காலம் 1999 ஜனவரி. அந்த ஒரு மாதத்தில் ரொறன்ரோவில் ஒரு மீற்றருக்கும் கூடுதலான பனி கொட்டியது. மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தை உதவிக்கு அழைத்தார். ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறையில் நாங்கள் பலர் ஒன்றாகப் படுத்திருந்தோம். இரவு வேலைக்கு நடந்தே போகவேண்டியிருந்தது. வராத நாளுக்குச் சம்பளம் இல்லை என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். இராணுவ வண்டிகளைத் தெருவில் கண்டதும் எனக்குத் திருகோணமலைதான் நினைவுக்கு வந்தது. அவை பனி அள்ள வந்தவை என்று விளங்கவே நேரமெடுத்தது. வின்னிபெக்கில் பிறந்து வளர்ந்த என் சக தொழிலாளி, கொஞ்சப் பனிக்குப் படையைக் கூப்பிட்ட ஊர் என்று அந்த மாதம் முழுவதும் சிரித்தார். அதே பனி, அதே வீதி. அவருக்கு அது நகரவாசிகளின் கோழைத்தனம், எனக்கு உயிர்ப் பயம். நாடு முழுவதும் ரொறன்ரோவைப் பார்த்து இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை அது.

மொன்றியல் சித்தப்பாவின் மனத்தாங்கல் வேறு வகையானது. 1970கள் வரை கனடாவின் முதல் நகரம் அதுதான். 1976 தேர்தலில் மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் பிரிவினைக் கட்சி வென்றபின், அடுத்த வருடம் பிரெஞ்சு மொழிச் சட்டமும் வந்தது. பெரிய நிறுவனங்களின் தலைமையகங்கள் பல ரொறன்ரோவுக்கு நகர்ந்தன. இழந்த ஊருக்குப் பெற்ற ஊர் மீது அன்பு வராது. உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது என்பதால் இதற்கு மேல் நீட்டவில்லை.

மச்சாளின் பேச்சுத்தான் என்னை மிகவும் வருத்துகிறது. ரொறன்ரோவின் மையத்தில் வசிப்பவர்கள் ஸ்காபரோவைத் தொலைவென்றும் ஆபத்தென்றும் பேசுவது பழைய வழக்கம். 1998 இல் ஆறு நகரசபைகளை ஒன்றாக்கிய பின்னரும் அது மாறவில்லை. பழுதடைந்த ரயில் பாதையை 2023 இல் மூடிவிட்டு, மக்களை இன்னமும் பஸ்ஸில் அலைய விட்டிருக்கிறார்கள். அவர்கள் பேசட்டும். எம்மவர் ஏன் பேச வேண்டும்? வந்து இறங்கியபோது அறையும் வேலையும் கோயிலும் மரக்கறிக் கடையும் கொடுத்த இடம் அது. மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் வீடு வாங்கியதும், தாம் ஏறிவந்த ஏணியையே பழிக்கிறார்கள். நான் இன்னமும் ஸ்காபரோவில்தான் வசிக்கிறேன், என் பிள்ளைகள் இங்கேதான் படித்தார்கள், பெருமையோடு சொல்கிறேன்.

இந்தப் பேச்சின் கொடுமை திருகோணமலையாருக்குப் புதிதன்று. கொழும்பின் வெள்ளவத்தையில் பிறந்தவருக்கு அந்த நகரம் கடற்காற்று வாங்கும் ஊர். எங்கள் அம்மாமாருக்கோ அது பொலிஸ் பதிவும் விடுதி அறையும். 2007 ஜூன் 7 இல் கொழும்பு விடுதிகளில் இருந்த தமிழரைப் பொலிசார் பஸ்ஸில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. திருகோணமலையும் அப்படித்தான்: கொழும்பாருக்கு நிலாவெளிக் கடற்கரை, கடற்படையினருக்கு இயற்கைத் துறைமுகம், பக்தருக்குக் கோணேசர். இங்கே யாழ்ப்பாணத்தவர் சிலர் என் ஊரைக் கேட்டுவிட்டு, “அங்கே தமிழர் குறைவுதானே?” என்று கதையை முடித்துவிடுவார்கள். வந்த புதிதில் அது நெஞ்சைச் சுட்டது. ஆனால் மூவினமும் கலந்து வாழும் சந்தையில் வளர்ந்ததால்தான், எந்த நாட்டவரோடும் தயக்கமின்றி வேலை செய்ய எனக்கு வந்தது. அந்தப் பழக்கம் உங்களிடமும் இருக்கிறது. அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

நியூஃபவுண்லாந்தைப் பற்றிப் பகிடிக் கதைகள் சொல்வது மற்ற மாகாணத்தவரின் வழக்கம். 1986 ஓகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கடலில் தத்தளித்த 155 தமிழரைக் கரைசேர்த்தவர்கள் அந்த மாகாண மீனவர்கள். எங்கள் வீட்டில் அந்த மண்ணைப் பற்றி எவரும் பகிடி சொல்வதில்லை.

ஆகவே நகரத்தின் பெயரைச் சொல்லி நல்லதா கெட்டதா என்று எவரிடமும் கேட்காதீர்கள். சொல்பவர் அங்கே எப்போது வாழ்ந்தார், இப்போது எங்கே வாழ்கிறார், வீடு விற்பவரா, வாடகை கொடுப்பவரா என்று பாருங்கள். நீங்கள் மின்னிணைப்புத் தொழில் செய்பவர். ஒன்ராறியோவிலும் அல்பேர்ட்டாவிலும் அதற்குச் சான்றிதழ் கட்டாயம். உங்கள் அனுபவத்தை எந்த மாகாணம் எவ்வளவு ஏற்கும் என்பதை அந்தந்த மாகாணத் தொழிற்சான்று அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். ஒன்ராறியோ என்றால், முதல் மாதங்களுக்கு ஸ்காபரோவில் பஸ் வழித்தடத்துக்கு அருகே ஓர் அறை பார்த்துத் தருவேன். கல்கரி என்றால், அங்கே நான் நம்பும் திருகோணமலைக் குடும்பம் ஒன்றோடு பேசிவிடுகிறேன்.