ஃபைன் கட்டிவிட்டேன், கேஸ் முடிந்ததுதானே?

கேள்வி: எனக்கு வயது 34. மூன்று மாதங்களுக்கு முன்பு நண்பர் வீட்டு விருந்தில் குடித்தேன். குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்று அங்கேயே படுத்துத் தூங்கி, காலை ஏழு மணிக்குத்தான் கிளம்பினேன். வழியில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். அளவு தாண்டியிருந்தது. அலையாமல் முடிந்தால் போதும் என்று கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டேன். ஃபைன் போட்டார்கள், ஒரு வருடம் வண்டி ஓட்டத் தடை. மனைவிக்கு இதுவரை எதுவும் தெரியாது. தினமும் காலையில் வழக்கம்போல் கார் சாவியை அவர் கண்ணெதிரே பையில் போட்டுக்கொண்டு கிளம்பி, தெருமுனையில் பஸ் ஏறுகிறேன். கார் குடியிருப்பின் பின்பக்கம் நிற்கிறது, அவர் அங்கே வருவதில்லை. சேர்ந்து வெளியே போனால் இடுப்பு வலி என்று சொல்லி டாக்சி பிடிக்கிறேன். இப்போது புது வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த வாரத்துக்குள் கொடுக்க வேண்டிய படிவத்தில், ‘குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?’ என்று கேட்கிறார்கள். ஃபைனோடு முடிந்த விஷயம்தானே, ‘இல்லை’ என்று எழுதலாமா? மனைவியிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? ரயில் நிலையம் இரண்டு கிலோமீட்டர்தான். அதுவரை ஓட்டினால் என்ன ஆகிவிடும்?
(பெயர் வேண்டாம்)

பதில்: எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் குழப்பம் எல்லா ஊருக்கும் பொது.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். ஓட்டாதீர்கள். இரண்டு கிலோமீட்டர் வேண்டாம், பின்பக்கம் நிற்கும் வண்டியை நகர்த்தித் தெருவில் நிறுத்துவதும் வேண்டாம். தடை இருக்கும்போது ஓட்டுவது தனிக் குற்றம். இந்தியாவில் அதற்கு 3 மாதம் வரை, இங்கிலாந்தில் 6 மாதம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். முதல் முறை ஃபைனோடு விட்ட நீதிபதி, அவர் போட்ட தடையையே மதிக்காதவரிடம் அதே இரக்கத்தைக் காட்டுவார் என்று நம்பாதீர்கள். இன்ஷூரன்ஸும் உங்கள் பக்கம் நிற்காது. யார் மீதாவது மோதினால், அவருக்கான நஷ்டஈட்டைக் கம்பெனி முதலில் கொடுத்தாலும், பிறகு உங்களிடம் வசூலிக்கப் பல நாடுகளில் வழி இருக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்கு அது ரொம்ப அதிகம்.

சரி, படிவம். ‘ஃபைன் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சுபோச்சு’ என்பது நம்மில் பலர் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். சிக்னலைத் தாண்டியதற்குக் கட்டும் ஃபைன் போலத்தான் இதையும் நினைக்கிறோம். ஆனால் இந்தியா, இங்கிலாந்து, கனடா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் குடித்துவிட்டு ஓட்டுவது சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம். நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள், நீதிமன்றம் தண்டனை விதித்தது. அந்தத் தண்டனை ஃபைனாக இருந்ததால் அது தண்டனை இல்லை என்று ஆகிவிடாது. இப்படி ஒத்துக்கொண்ட வழக்கில், மேல்முறையீட்டுக்குப் போனாலும் தண்டனை அதிகம் என்று வாதாடத்தான் பெரும்பாலும் இடமிருக்கும், குற்றமே செய்யவில்லை என்று சொல்வது கஷ்டம்.

படிவத்தில் கேள்வியைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். ‘கைது செய்யப்பட்டீர்களா’, ‘வழக்கு நிலுவையில் உள்ளதா’, ‘தண்டிக்கப்பட்டீர்களா’ ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும், கேட்காததை நீங்களாக எழுத வேண்டியதில்லை. உங்களிடம் கேட்டிருப்பது மூன்றாவது கேள்வி. ஆகவே ‘ஆம்’ என்று எழுதி, தேதி, குற்றம், தண்டனை என இரண்டு வரி சேருங்கள். வேலைக்கு வண்டி ஓட்ட வேண்டியதில்லை என்றால், இதைப் பார்த்து யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. ஆறு மாதம் கழித்துப் பின்னணிச் சரிபார்ப்பில் பொய் வெளிப்பட்டால், யோசிக்க அவர்களுக்கு எதுவும் இருக்காது. டிரைவர், மருத்துவர், நர்ஸ், வக்கீல் போன்றவர்களுக்கு விதி இன்னும் கடுமை. பல இடங்களில் அவர்கள் தங்கள் தொழில் கவுன்சிலிடம் தாங்களே போய்ச் சொல்ல வேண்டும்.

இது எவ்வளவு காலம் கூட வரும்? இங்கிலாந்தில் லைசென்ஸ் பதிவில் 11 வருடம் இருக்கும். ஆனாலும் பெரும்பாலான வேலைகளுக்கு 5 வருடத்துக்குப் பிறகு அதைச் சொல்ல வேண்டியதில்லை. இப்படிக் காலாவதியாகும் ஏற்பாடு உங்கள் நாட்டில் உண்டா என்பதுதான் வக்கீலிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் இரண்டாவது கேள்வி விசா பற்றி. கனடா 2018 டிசம்பரில் இந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையை 10 வருடமாக உயர்த்தியது. அதனால் குடியேற்றச் சட்டத்தில் இது கடும் குற்றங்களின் வரிசைக்குப் போய்விட்டது. நிரந்தர வசிப்புரிமை அட்டை வைத்திருப்பவர்களுக்கே அங்கே இதனால் சிக்கல் வரலாம். அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே. தீர்ப்பு வரை காத்திருக்காமல், கைதானாலே விசாவை ரத்து செய்ய அவர்களால் முடியும்.

‘தூங்கி எழுந்துதானே ஓட்டினேன்’ என்ற ஆதங்கம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அங்கேயே தங்கியது நல்ல முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 மில்லி ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹால் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்ற வேகத்தில்தான் குறையும். கல்லீரல் அதன் வேகத்தில்தான் வேலை செய்யும். காபியோ பச்சைத்தண்ணீர்க் குளியலோ அதை விரட்டாது. நள்ளிரவில் ஒருவருக்கு 150 மில்லிகிராம் இருந்தால், காலை ஏழு மணிக்கும் சுமார் 45 மிச்சம். சட்ட வரம்பு இங்கிலாந்தில் 80, இந்தியாவில் 30, சுவீடனில் 20. அதே ஆள், அதே ரத்தம், ஓர் ஊரில் தப்பிப்பார், இன்னோர் ஊரில் மாட்டுவார். நிதானமாக இருப்பதாகத் தோன்றுவதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் எனக்கு உறுத்தும் விஷயம் ஒன்று வருகிறது. காலை ஏழு மணிக்கும் அளவு தாண்டியிருந்தது என்றால், இரவில் நீங்கள் குடித்தது கொஞ்சமில்லை. எத்தனை என்று கடிதத்தில் எழுதவும் இல்லை. மறந்துபோனதா, எழுத மனமில்லையா? உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்ற 10 கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள், ஒரே அமர்வில் எவ்வளவு என்று ஆரம்பிக்கும். மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். அந்தப் படிவத்தை உங்களைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை, அதிலும் ‘இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள்.

மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் எத்தனை நாள் மறைக்க முடியும்? தடை முடிய இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. நடுவில் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க வேண்டியிருக்கும், பிரீமியம் ஏறியிருக்கும், கடிதம் வீட்டு முகவரிக்கு வரும். இல்லையென்றால் ஒரு நாள் இரவில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும், ‘வண்டியை எடுங்க’ என்பார். அப்போது இடுப்பு வலி என்று சொல்ல முடியாது. உண்மையில் அவர் கோபப்படப்போவது அந்த ஒரு காலைக்காக இருக்காது. தினமும் கண்ணெதிரே பையில் விழுந்த சாவிக்காக இருக்கும்.

சொல்லும்போது போலீஸ், நண்பர், தூக்கம் எல்லாவற்றையும் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். ‘குடித்துவிட்டு ஓட்டியதற்கு எனக்குத் தண்டனை ஆகியிருக்கிறது, மூன்று மாதமாக உன்னிடம் மறைத்துவிட்டேன்’ என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும். அப்புறம் அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். அன்றைக்கே மன்னிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றால், நாளைக் காலையில் சாவியை மாட்டிய இடத்திலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். ‘சாவியை மறந்துட்டீங்க’ என்று அவரே கூப்பிடுவார். படிவத்தை அதற்குப் பிறகு நிரப்பலாம். அதற்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே.